ஒரே ரியூப், இரண்டு இடம்

இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பவர்கள், மதியச் சாப்பாட்டுப் பார்சல் கட்டுபவர்கள், மீன் வெட்டுபவர்கள், வீடுகளில் உடுப்புத் தோய்ப்பவர்கள் என்று எங்கள் பக்கத்தில் நிறையப் பெண்கள் இருக்கிறோம். நாள் முழுக்கக் கை ஈரத்தில்தான். அவர்களில் யாருடைய விரலையாவது பிடித்துப் பாருங்கள், ஒன்றிரண்டு நகமாவது ஓரம் தடித்து நிறம் மாறியிருக்கும். கேட்டால் "அது வேலையால வந்தது, தானாப் போயிடும்" என்பார்கள். எனக்கு அது தானாகப் போகவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் இழுத்தது. மருந்து, பயணம், இழந்த ஓடர்கள் எல்லாம் சேர்த்தால் 60,000 ரூபாவுக்குக் குறையாது. நகத்தில் தொடங்கிய தொல்லை இடுப்பில் போய் முடிந்த கதை இது. வெளியில் சொல்லக் கூச்சமான இடம் என்பதால் எங்கள் பெண்கள் பலர் இதைச் சொல்வதில்லை. நான் சொல்லிவிடுகிறேன்.

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகும் ஏ35 வீதியோரக் கடைகள் சிலவற்றுக்குக் காலையும் பின்னேரமும் இடியப்பம் கொடுக்கிறேன். இவர் வெளிநாட்டில், வீட்டில் நானும் மகளும் மாமியும்தான். விடியப்புறம் மூன்று மணிக்கு அடுப்பு மூட்ட வேண்டும். வறுத்த சிவப்பரிசி மாவில் கொதிதண்ணீர் விட்டு, சூடு ஆறுமுன் கையாலேயே குழைப்பேன். ஆறவிட்டால் உரலில் பிழிய வராது. சூடு பொறுக்காதபோது கையைப் பச்சைத் தண்ணீரில் நனைத்துக்கொள்வது பழக்கம். பிறகு சொதிக்குத் தேங்காய்ப்பால் பிழிய வேண்டும், சம்பல் இடிக்க வேண்டும், அடுக்கடுக்காகத் தட்டுக் கழுவ வேண்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீர் கல்லுத் தண்ணீர். கேத்திலின் அடியில் வெள்ளைப் படை பிடிக்கும், சவர்க்காரம் லேசில் நுரைக்காது. நுரை வரும்வரை இன்னும் தேய்ப்போம். அந்தக் கூடுதல் சவர்க்காரம் தோலின் எண்ணெய்ப் பிடிப்பை உருவிக்கொண்டு போகிறது என்று யார் கண்டது?

ஒரு மாரி தொடங்கிய நேரத்தில் வலது கை ஆட்காட்டி விரலில் நகத்தின் அடித்தோல் தடித்தது. நகமும் தோலும் சேரும் இடத்தில் மெல்லிய வெள்ளைத் தோல் ஒன்று நகத்தோடு ஒட்டியிருக்குமே, அது எனக்குக் காணாமலே போய்விட்டது. அந்த இடத்தில் ஒரு சின்னப் பிளவு. அழுத்தினால் கஞ்சித்தண்ணி மாதிரிக் கொஞ்சம் வரும். வலி பெரிதாக இல்லை, ஆனால் சம்பலுக்குத் தேசிக்காய் பிழியும்போது உயிர் போகும். பிறகு நடுவிரல், அடுத்தது பெருவிரல். நகத்தில் குறுக்காக வரப்பு வரப்பாகக் கோடு விழுந்தது. ஆட்காட்டி விரல் நகம் ஒரு பக்கம் தூக்கி, அதன் கீழே கரும்பச்சையாக ஒரு நிறம். அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் பிடித்தது. விரல் அழுகுகிறது என்றே நினைத்தேன்.

வைத்தியம் சொல்ல ஆளுக்கா பஞ்சம்? மாமி தேசிக்காயைக் குடைந்து விரலில் மாட்டிவிட்டா. நகச்சுற்றுக்கு அதுதான் கைமருந்து என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். முதல் நாள் குளிர்ச்சியாக இருந்தது, அடுத்த நாள் தோல் வெந்து உரிந்தது. புண்ணான தோலில் புளிப்புப் பட்டால் எரிச்சல் கூடத்தான் செய்யும். அதோடு தேசிக்காய்ச் சாறு பட்ட தோலோடு வெயிலில் நின்றால் கொப்புளமும் கறுப்புத் தழும்பும் வரும் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். வன்னி வெயிலுக்குச் சொல்லவா வேண்டும்? பக்கத்து வளவு அக்கா உள்ளி அரைத்துக் கட்டச் சொன்னா. நல்ல வேளை, கட்டவில்லை. பச்சை உள்ளி தோலைச் சுட்டுப் புண்ணாக்கிவிடும். வேப்பிலையும் மஞ்சளும் அவித்த தண்ணீரில் கையை ஊறப்போடும் வேலையை மட்டும் வாரக்கணக்காக ஒழுங்காகச் செய்தேன். மஞ்சளில் குற்றமில்லை. ஏற்கனவே ஊறிப்போன கையை இன்னும் அரைமணி நேரம் ஊறவைத்ததுதான் கேடு. நகத்தில் வெள்ளைப் புள்ளி இருப்பதைப் பார்த்து கல்சியம் குறைவென்று ஒருவர் சொல்ல, 1,200 ரூபாவுக்குக் கல்சியம் குளிசை வாங்கி விழுங்கினேன். வெள்ளைப் புள்ளி பெரும்பாலும் நகம் எங்காவது இடிபட்டதால் வருவது, கல்சியத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நகம் கரண்டி மாதிரிக் குழிந்தால்தான் இரும்புச்சத்துக் குறைவா என்று இரத்தம் சோதிக்க வேண்டும்.

கடைசியில் ஒரு மருந்துக்கடைக்குப் போனேன். கண்ணாடிக்கு அப்பால் நின்றவர் விரலை எட்டிப் பார்த்துவிட்டு ஒரு ரியூப் எடுத்துத் தந்தார். 680 ரூபா. "எல்லாத்துக்கும் நல்லது" என்றார். உண்மையிலேயே நல்லதாகத்தான் இருந்தது. சில நாளில் வீக்கம் வற்றியது, தேசிக்காய் எரிவு குறைந்தது. நிறுத்தினால் திரும்ப வரும், போட்டால் போகும். இப்படியே ரியூப் மேல் ரியூப்.

அந்த மாதங்களில்தான் இடுப்பில், பாவாடை நாடா இறுக்கும் இடத்தில், காசளவு சிவப்பு வட்டம் ஒன்று வந்தது. அடுப்படியில் நின்று வேர்க்கும் பெண்களுக்கு முதலில் கடி எடுக்கும் இடம் அதுதான். வட்டத்தின் ஓரம் மட்டும் பொருக்கோடு தடித்து, நடு வெளிறியிருந்தது. படர்தாமரை. அதே மருந்துக்கடையில் கேட்டேன், அதே ரியூபைப் பூசச் சொன்னார்கள். இரண்டாம் நாளே கடி நின்றது, சிவப்பு மங்கியது. என்ன அருமையான மருந்து என்று நானே இரண்டு பேருக்குச் சொன்னேன்.

பிறகு அது படரத் தொடங்கியது. இடுப்பைச் சுற்றி, தொடையிடுக்கு, மார்பின் கீழ். வட்டமாகவும் இல்லை, ஓரமும் தெளிவில்லை, வட்டத்துக்குள் வட்டம். பூசாத நாளில் கடி தாங்காது. இரவில் எழும்பி, மகள் விழித்துவிடுவாள் என்று கிணற்றடிக்குப் போய் நின்று சொறிந்திருக்கிறேன். வெட்கமும் கோபமும் அழுகையும் கலந்து வரும். வெளிநாட்டில் இருக்கிற மனுசனிடம் தொலைபேசியில் இதை எப்படிச் சொல்வது? மகளுக்கும் கழுத்தில் வந்தது, நாங்கள் எல்லோரும் ஒரே துவாய்தானே. இதற்கிடையில் ஒரு கடைக்காரர் என் விரலைப் பார்த்துவிட்டார். "அக்கா, குறை நினைக்காதேங்கோ, சனம் பார்த்தால் வாங்காது" என்று ஓடரை நிறுத்தினார். அவர் சொன்னதில் பிழையில்லை. ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு இருந்துவிட்டேன். அடுத்த கிழமை இன்னொரு கடையும் நிறுத்தியது.

தனியார் டொக்டர் ஒருவரிடம் போனேன். 2,500 ரூபா கட்டணம், இரண்டு நிமிடம், ஒரு ஊசி, இன்னொரு களிம்பு. இடுப்பைக் காட்டவே நேரமில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தே எழுதித் தந்தார். அதுவும் கொஞ்ச நாள் அமத்தியது, பிறகு இரட்டிப்பாக வந்தது.

அரசாங்க ஆஸ்பத்திரியில் தோல் கிளினிக் இருக்கிறது, காசு கட்டத் தேவையில்லை என்பது எனக்குத் தெரியும். அங்கே போனால் ஒரு நாள் உழைப்புப் போகும் என்ற எண்ணம்தான் இவ்வளவு நாளும் மறித்தது. போன அன்று வேலை போனது உண்மை. ஆனால் அங்கிருந்த பெண் டொக்டர் மறைப்புக்குள் கூட்டிக்கொண்டு போய் முழுக்கப் பார்த்தார். இதுவரை என்ன பூசினீர்கள் என்று கேட்டார். பையிலிருந்த வெறும் ரியூபைக் கொடுத்தேன். பின்பக்கம் இருந்த பொடி எழுத்தைப் படித்துவிட்டு, "அம்மா, இதுக்குள்ள மூண்டு மருந்து கலந்திருக்கு. பங்கசுக்கு, அதாவது பூஞ்சைக்கு ஒண்டு, கிருமிக்கு ஒண்டு, மூண்டாவது கடுமையான ஸ்டீரொயிட், வீக்கத்தையும் சிவப்பையும் அமத்துற மருந்து" என்றார். பிறகு ஒரு தாதியிடம் பஞ்சு வாங்கி, என்னைக் கண்ணை மூடச் சொல்லி, இடுப்பில் தொட்டுத் தொட்டு, தெரிகிறதா என்று கேட்டார். எதற்கென்று அப்போது விளங்கவில்லை. இரத்தத்தில் சீனியும் பார்க்க எழுதினார். சீனி கூடினவர்களுக்கு நகச்சுற்றும் படர்தாமரையும் லேசில் மாறாதாம். எனக்கு அளவாகத்தான் இருந்தது.

அவர் விளக்கியதுதான் இந்த முழுக் கதையின் முடிச்சு. விரலில் இருந்ததும் இடுப்பில் இருந்ததும் வேறு வேறு. நகத்தடியில் ஒட்டியிருக்கும் அந்த வெள்ளைத் தோல், தண்ணீர்ப் போத்தல் மூடிக்குள் இருக்கும் ரப்பர் வளையம் மாதிரி உள்ளே எதுவும் இறங்காமல் அடைத்து வைத்திருப்பது. ஓயாத ஈரத்தில் அது ஊறிக் கழன்றால் தண்ணீர், சவர்க்காரம், மா, மிளகாய் எல்லாம் உள்ளே இறங்கித் தோலைப் புண்ணாக்கும். பங்கசும் கிருமியும் அதற்குப் பிறகு குடிவருபவை. இதற்கு முதல் மருந்து கையைக் காய வைப்பது. சில கிழமைக்கு மட்டும், டொக்டர் சொன்ன அளவில், ஸ்டீரொயிட் களிம்பும் கொடுப்பார்கள். அதனால்தான் அந்த ரியூப் விரலில் வேலை செய்தது. இடுப்பில் இருந்ததோ பங்கசு. அதன் மேல் ஸ்டீரொயிட் பூசினால், தோல் பங்கசோடு சண்டை பிடிப்பதை நிறுத்திவிடும். சண்டைதான் சிவப்பும் கடியும். அவை அடங்குவதைப் பார்த்து மாறுகிறது என்று நினைக்கிறோம், பங்கசு சத்தமில்லாமல் படர்ந்துகொண்டிருக்கும். மாதக்கணக்கில் பூசிய இடத்தில் தோலும் மெலிந்துவிட்டது. பிள்ளைப் பேற்றின்போது வயிற்றில் வருகிற மாதிரி வரிகள் என் தொடையிடுக்கில் விழுந்திருக்கின்றன. நிறம் மங்கும், முழுக்கப் போகாது என்றார். அதைக் கேட்டபோது அந்த ரியூபைத் தந்தவர் மேல் வந்த ஆத்திரம் இன்னும் முழுதாக ஆறவில்லை. ஆகவே கடையில் தருகிற எந்தக் களிம்பானாலும் மருந்துப் பெயர்களை ஒருதரம் படியுங்கள். குளோபெற்றசோல், பீற்றாமெதசோன் என்று இருந்தால் அது ஸ்டீரொயிட். வட்டமாகப் படரும் எதிலும் அதைப் பூசாதீர்கள். "எல்லாத்துக்கும் நல்லது" என்று ஒருவர் சொன்னால் அந்த ரியூபைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

ரியூபை நிறுத்தியதும் முதல் சில கிழமைகள் நரகம். சிவப்பும் கடியும் முன்னை விடக் கூடியது. அப்படித்தான் ஆகும், பயந்து திரும்பப் பூசக்கூடாது என்று முன்பே சொல்லியிருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பங்கசுக்கு மட்டுமான களிம்பும் மாத்திரையும் தந்தார்கள். மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடக்கூடாது. ஈரலைப் பாதிக்கக்கூடியவை அவற்றில் உண்டு, கர்ப்பிணிகளுக்கு ஆகாதவையும் உண்டு. களிம்பைத் தழும்பின் ஓரத்துக்கு வெளியேயும் இரண்டு விரல் அகலத்துக்குப் பூச வேண்டும். கண்ணுக்கு மறைந்த பிறகும் இரண்டு கிழமை விடாமல் பூச வேண்டும். கடி நின்றதும் நிறுத்துவதால்தான் பலருக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. ஆளுக்கொரு துவாய் வைத்தோம். உள்ளுடுப்புகளை உள்பக்கம் வெளியே வரத் திருப்பி வெயிலில் காயப்போட்டோம், மாரியில் வெயில் இல்லாத நாளில் அயன் பண்ணினோம். மகளுக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் வைத்தியம் நடந்தது. ஒருவருக்கு மாறி மற்றவருக்கு இருந்தால் அது வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். பாவாடை நாடாவுக்குப் பதில் அகலமான இலாஸ்டிக் போட்டுத் தைத்துக்கொண்டேன். குளித்தபின் மடிப்புள்ள இடங்களை ஒற்றித் துடைத்து, காய்ந்த பிறகே உடுப்பேன்.

கைக்குச் செய்ததைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் எங்களைப் போன்றவர்களிடம் "கையை ஈரமாக்காதே" என்று சொல்வது சாப்பிடாதே என்று சொல்வது போல. மாவை இப்போது அகப்பைக் காம்பால்தான் குழைக்கிறேன். சூடு கொஞ்சம் இறங்கியபின் கடைசிப் பதத்துக்கு மட்டும் உணவுக்குப் போடும் மெல்லிய கையுறையோடு கை வைப்பேன். பாத்திரம் கழுவ, முதலில் பருத்திக் கையுறை, அதன் மேல் ரப்பர் கையுறை. வெறும் ரப்பர் போட்டால் உள்ளே வேர்த்து, ஈரத்தில் கை வைத்ததுக்கும் அதுக்கும் வித்தியாசமில்லை. பருத்தி நனைந்ததும் மாற்ற வேண்டும், அதனால் சில சோடி வாங்கி வைத்திருக்கிறேன். கழுவும் வேலையை நாள் முழுக்கச் சிதறவிடாமல் ஒரே மூச்சில் முடிக்கிறேன். மோதிரத்தைக் கழற்றிவிட்டேன், அதன் கீழே சவர்க்காரம் தங்கும். கை கழுவினால் விரலிடுக்குகளைத் துணியால் ஒற்றி, தோல் கொஞ்சம் ஈரலிப்பாக இருக்கும்போதே வாஸ்லின் பூசி நகத்தடியிலும் தேய்ப்பேன். தேங்காயெண்ணெய்யும் உதவும், ஆனால் கடியுள்ள மடிப்புகளில் எண்ணெய் வேண்டாம். கழுவும் தண்ணீருக்குள் டெற்றோல் ஊற்றும் வேலையை விட்டுவிட்டேன், அது வெடித்த தோலை இன்னும் எரிக்கும்.

நகத்தடி வெள்ளைத் தோலை வெட்டாதீர்கள், தள்ளாதீர்கள். கல்யாண வீட்டுக்கு நகம் அலங்கரிக்கப் போனால் முதலில் அதைத்தான் சுரண்டுவார்கள், வேண்டாமென்று சொல்லுங்கள். நகத்துக்குக் கீழே ஊசியால் கிண்டக்கூடாது. தூக்கிய நகத்தை ஒட்ட வெட்டிவிட வேண்டும். பச்சை நிறம் பங்கசு அல்ல, ஈரமான இடுக்கில் வாழும் ஒரு கிருமியின் சாயம். எனக்கு நகத்தை வெட்டி, ஒரு பங்கு வெள்ளை வினாகிரிக்கு நாலு பங்கு தண்ணீர் கலந்து சில நிமிடம் மட்டும் தோய்த்து, உடனே நன்றாகத் துடைக்கச் சொன்னார்கள். பச்சை மெல்ல மெல்ல நகத்தோடு வளர்ந்து வெளியேறியது. மெல்ல என்றால் மெல்லத்தான். கைநகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மில்லிமீற்றர்தான் வளரும். முழு நகம் புதிதாக வர அரை வருடம் ஆகும், கால் பெருவிரல் நகத்துக்கு ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம்வரை. ஒரு மாதம் பூசிவிட்டு வேலை செய்யவில்லை என்று மருந்தை மாற்றுகிறவர்கள் இந்தக் கணக்கை யோசிக்க வேண்டும். ஆனால் விரல் விண்விண் என்று தெறித்து, சீழ் கட்டி, காய்ச்சலும் வந்தால் அது வேறு. அன்றைக்கே ஆஸ்பத்திரி.

காலைப் பற்றியும் ஒரு வார்த்தை. காலபோக விதைப்புக்குச் சேற்றில் இறங்குகிறவர்கள் விரலிடுக்குச் சேற்றுப்புண்ணோடு இறங்கினால், அந்தக் கீறல் வழியே எலிக்காய்ச்சல் கிருமி ஏறும். அதற்கு முன்கூட்டியே போடும் டொக்சிசைக்கிளின் மாத்திரையைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மூலம் கொடுப்பார்கள், கேட்டு வாங்குங்கள். மாலையில் காலைக் கழுவினால் விரலிடுக்கைத் துடைத்துவிட்டுச் செருப்பைப் போடுங்கள். பித்தவெடிப்புக்கு மாமி காய்ந்த காலைக் கிணற்றுக் கட்டில் உரசுவா, வெடிப்பு இன்னும் ஆழமாகும். பத்து நிமிடம் ஊறவைத்து, கல்லால் லேசாகத் தேய்த்து, யூரியா கலந்த கிறீமோ வாஸ்லினோ தடவி, பருத்திக் காலுறை போட்டுப் படுத்தால் கொஞ்ச நாளில் வித்தியாசம் தெரியும். சீனி வருத்தக்காரர் மட்டும் ஊறவைப்பதும் தேய்ப்பதும் கூடாது, கிளினிக்கில் காலைக் காட்டட்டும்.

பஞ்சால் தொட்டது எதற்கென்று பிறகு கேட்டேன். வெளிறிய தழும்பில் தொடு உணர்ச்சி இல்லாவிட்டால் அது தொழுநோயாக இருக்கலாமாம். கடி இருக்காது, வலி இருக்காது, அதனால் தேமல் என்று விட்டுவிடுவோம். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் அதற்கு மருந்து இலவசம், ஆறு மாதம் அல்லது ஒரு வருடம் எடுத்தால் மாறிவிடும். பிந்தினால் கைகால் விரல்கள் பாதிக்கும். அதேபோல் முகத்திலோ கையிலோ நோவில்லாத பரு ஒன்று மாதக்கணக்கில் ஆறாமல் புண்ணாகி இருந்தால், மணல் ஈ கடித்து வரும் லீஷ்மேனியாவா என்று பார்க்க வேண்டும். வன்னிக் காடுகளில் அந்த ஈ இருக்கிறது, விறகுக்கும் தேனுக்கும் போகிறவர்கள் கவனம். நகத்தில் புதிதாகக் கறுப்புக் கோடு ஒன்று நீளமாக ஓடினாலும் காட்டிவிடுங்கள்.

கிளினிக்குக்குப் போகும்போது இதுவரை பூசிய எல்லாவற்றின் ரியூபையும் பெட்டியையும், வெறுமையாக இருந்தாலும், ஒரு பையில் போட்டுக்கொண்டு போங்கள். வீட்டில் அரைத்துக் கட்டியதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ரியூப் பூசியவர்களானால் படர்தாமரை உருமாறி, பார்த்த மாத்திரத்தில் அடையாளம் தெரியாமல் இருக்கும். பொருக்கைச் சுரண்டிச் சோதிப்பார்கள், நோகாது. கிளினிக் எந்த நாளில் என்று முன்னரே கேட்டு, விடியவே போனால் இலக்கம் முன்னுக்குக் கிடைக்கும். பெண் டொக்டர்தான் வேண்டுமென்றால் தாதி மிஸ்ஸியிடம் மெல்லச் சொல்லுங்கள், ஒழுங்கு செய்து தருவார்கள்.